குதிரை போட்ட போன்

“என் உயிரைக் காப்பாத்தினது என் குதிரை போட்ட போன்தான்” என்று புரோகோப்பி இருபதாவது தடவையாகச் சொன்னார். சைபீரியக் குளிர்ப்பிரதேசமான யாகுத்தியாவின் அந்தத் தேநீர்க்கடைக் கூரை சிரிப்பில் எகிறியது.

அவர் அலுப்போடு தொடர்ந்தார். “மைனஸ் ஐம்பத்தெட்டு. தும்மினா தரையில ஆலங்கட்டி விழுது. குதிரையிலேர்ந்து விழுந்து கால் ஒடிஞ்சிடுச்சு. குளிர்ல போனும் செத்துப்போச்சு. அதைக் குதிரை மூக்குக்கிட்ட பிடிச்சேன், மூச்சுச் சூட்டுல உயிர் வந்துச்சு. என் விரல் விறைச்ச கட்டை. குதிரைதான் மூக்கால அமுக்குச்சு. அப்புறம் எனக்கு நினைவில்லை.”

“குதிரை யாருகூடப் பேசுச்சாம்?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார் கவ்ரீல். கூடப் பிறந்த அண்ணன்தான். புல்வெளித் தகராறில் ஆறு வருஷமாகத் தம்பி முகத்தில் விழிப்பதில்லை.

“தெரியலையே. போன் பனியில புதைஞ்சுபோச்சு. யாரோ மீட்புப்படைக்குச் சொன்னாங்களாம், பேர் சொல்லலையாம். அவங்க கையைப் பிடிச்சு நன்றி சொல்லத்தான் ஊரெல்லாம் கேலிக்கு ஆளாகுறேன்.”

“குதிரையாவது, போனாவது. சுத்தப் பொய்.”

“சரி, இனிமே சொல்லலை.” புரோகோப்பி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

“நில்லுடா.” கவ்ரீல் சுவரை விட்டுத் திரும்பினார். “போன்ல உன் பேரைப் பார்த்துட்டு நான்தான் எடுத்தேன். புஸ்புஸ்னு மூச்சு மட்டும் கேட்டுச்சு. நீ அழறேன்னு நினைச்சு நானும் அழுதேன். புல்வெளியை நீயே வெச்சுக்கோ, தப்பு என்மேலதான்னு பத்து நிமிஷம் மன்னிப்பு கேட்டேன். பதிலே வரலைன்னதும் பயந்துபோய்ப் படைக்குச் சொன்னேன். அத்தனையையும் கேட்டது உன் குதிரைன்னா, எந்த மூஞ்சியோட ஒத்துக்குவேன்? ஆனா நடந்தது நிஜம்தான்.”