வீங்கின கால்

சதுப்பில் ஆட்கள் வெட்டுவதற்கென்று தப்பான மரத்துக்குச் சிவப்பு மை பூசிவிட்டார்கள். பாதை போட இரண்டில் ஒரு மரம் விழ வேண்டும், மூத்தது நிற்க வேண்டும். பருத்த மரம்தான் மூத்தது, கூனல் மரம் இளசு என்று சொன்னது அளவுநாடா.

கூனல் மரத்தடியில் கிடந்த கிழட்டு ஆமை தலையை நீட்டியது. "அடேய் நாடா, நான் முட்டையை விட்டு வந்த நாளிலேயே இந்தக் கூனல் இப்படித்தான் நின்றது."

"பழங்கதை யாருக்கு வேணும் தாத்தா? சுற்றளவைப் பாரும்."

"அந்தத் தடியனுக்குத் தண்ணீரில் நின்று கால் வீங்கியிருக்கு. வீக்கத்தை அளந்தா வயசு தெரியுமா?"

நாடா சுருண்டுகொண்டது.

அதைக் கேட்ட ஆட்கள் நாடாமேல் சந்தேகப்பட்டு, பையிலிருந்து மரத்தைத் துளைக்கும் இன்னொரு கருவியை எடுத்துக் கூனல் மரத்தில் திருகினார்கள். ஈர்க்குச்சி கனத்தில் ஒரு துண்டு வெளியே வந்தது. அதில் வருஷத்துக்கு ஒன்றாய் வளையங்கள் மயிரிழையாய் நெருங்கிக் கிடந்தன. அவற்றில் மிக மெலிந்த ஒன்றைப் பார்த்ததும் ஆமையின் குரல் தழைந்தது.

"இது மழை பொய்த்த வருஷம். இந்த வேரடியில் மட்டும்தான் தண்ணீர் இருந்தது. அண்ணன் தம்பி அத்தனை பேரும் அதில்தான் ஒண்டினோம். இப்போ நான் ஒருத்தன்தான் மிச்சம்."

அந்த வருஷத்து வளையத்துக்கு உள்ளேயும், அதற்கு முந்தைய வருஷங்களின் வளையங்கள் போய்க்கொண்டே இருந்தன. பருத்த மரத்திலும் திருகிப் பார்த்தார்கள்; அதில் வளையங்கள் பாதிகூட இல்லை.

ஆட்கள் கூனல் மரத்தின் மையைச் சுரண்டி எடுத்தார்கள். சுரண்ட வைத்தது, அதுவரை பைக்குள் வாய் திறக்காமல் கிடந்த துளையூசி.