இந்த விலைக்கு வேண்டாம்

“எல்லாம் போன்ல பாத்துட்டுத்தான் வந்திருக்கேன், நாணு சேட்டா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்” என்றாள் சங்கரி.

புரோக்கர் நாணு சிரித்தார். இசக்கிமுத்துவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மனைவி எங்கே காரியத்தைக் கெடுத்துவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தான்.

பதினாலு வருஷமாகக் கொச்சியில், கலூரில் வாடகை வீடு. அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். அவள் வீட்டிலேயே தோசை மாவு அரைத்து விற்கிறாள். பேங்க் லோன், சேமிப்பு எல்லாம் சேர்த்தால் இருபத்தாறு லட்சம்தான் தேறும். மட்டாஞ்சேரியில் ரெண்டு சென்ட்டில் இந்த ஓட்டு வீடு, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, சரியாக இருபத்தாறு லட்சம்.

“போர்ட் கொச்சி ஜெட்டிக்குப் பத்து நிமிஷ நடைன்னு விளம்பரத்துல போட்டிருக்கீங்க. மேப்புல இருபத்தஞ்சு நிமிஷம் காட்டுதே?”

“அது... வேகமா நடந்தா, சேச்சி...”

“ஓடினாக்கூடப் பத்து நிமிஷத்துல ஆகாது. வில்லங்கம் பாத்தேன், சுத்தமா இருக்கு. வரியும் பாக்கி இல்ல. போன மழைக்கு இந்தத் தெருவுல தண்ணி நின்னுச்சான்னு வீடியோ தேடிப் பாத்தேன். நிக்கல.”

“அப்போ பின்னே என்ன சேச்சி? அட்வான்ஸ் தரலாமே! இதுபோல ஒண்ணு இனி கிட்டாது.”

“இருங்க. இந்தத் தெருவுல இந்த வருஷம் மூணு வீடு கைமாறியிருக்கு. வீடு தேடுறவங்க வாட்ஸ்அப் குரூப்ல நானும் இருக்கேன். வாங்கினவங்க மூணு பேர்கிட்டயும் பேசிட்டேன்.”

நாணுவின் முகம் சட்டென்று மாறியது.

‘போச்சு! விலையைக் குறைக்கப் போகிறாள்’ என்று நினைத்தான் இசக்கிமுத்து.

வீட்டுக்காரி ஜொஹரா பீவி எல்லோருக்கும் சாயா கொண்டுவந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்து ஒரு வருஷம். மகள் பர்ஸானா இருக்கும் பாலக்காட்டுக்கே போய்விடலாம் என்றுதான் வீட்டை விற்கிறாள். பட்டன் போனைத் தவிர வேறெதுவும் தெரியாதவள்.

“உம்மா, அடுக்களையைக் கொஞ்சம் காட்டுங்க” என்று அவளோடு உள்ளே போனாள் சங்கரி.

கால் மணி நேரம் ஆகியும் இருவரும் வரவில்லை. இசக்கிமுத்து எட்டிப் பார்த்தான். சங்கரி போனைக் காட்டிக் காட்டி ஏதோ அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜொஹரா பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

துணையில்லாத பொம்பளையை இப்படியா நெருக்குவது என்று அவனுக்குக் கோபம் வந்தது.

வெளியே வந்த சங்கரி நேராக நாணுவிடம் சொன்னாள்.

“இந்த விலைக்கு இந்த வீடு எங்களுக்கு வேண்டாம்.”

“என்ன சேச்சி இது! எத்தனை பேரு கியூவுல நிக்கறாங்க தெரியுமோ?”

“நிக்கட்டும்” என்றவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீடு திரும்பும் போட்டில் உட்கார்ந்ததும் இசக்கிமுத்து வெடித்தான்.

“அந்தம்மாவை அழவெச்சுட்டியே! ஒரு லட்சம் ரெண்டு லட்சம் குறைச்சு வாங்கி என்னத்தக் கொண்டு போகப் போறோம்? கையில போன் வந்ததும் ஈவு இரக்கமெல்லாம் போயிடுச்சா உனக்கு?”

சங்கரி போனில் அடுத்த வீட்டைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

அதற்கப்புறம் ஒரு மாசம், வாடகை கொடுக்கும்போதும், வீட்டுக்காரர் தண்ணி மோட்டாரை நிறுத்தும்போதும் அதையேதான் சொல்லிக் காட்டினான். அவள் கேட்டுக்கொண்டே மாவு அரைத்தாள்.

மட்டாஞ்சேரியில் ஒரு டைல்ஸ் வேலை வந்தது. மனசு கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜொஹரா பீவி வீட்டுக்குப் போனான். வாசலில் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“உம்மா, அன்னைக்கு என் பொண்டாட்டி பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

ஜொஹரா பீவி கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டாள்.

“என்ன மோனே சொல்றே? மன்னிப்பா? அந்த மோள் அன்னைக்கு என்ன சொன்னான்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியாதே.”

“‘உம்மா, இதே மாதிரி மூணு வீடு முப்பத்துமூணு லட்சத்துக்குக் குறையாம போயிருக்கு. உங்களுக்கு விலை தெரியாதுன்னு நாணு சேட்டன் அவசரமா தள்ளிவிடப் பாக்கறார். யார் கேட்டாலும் அதுக்குக் கீழ இறங்காதீங்க’ன்னு சொன்னா. போன்ல ஒண்ணு ஒண்ணா காட்டினா. சொந்தக்காரங்ககூட அப்படிச் சொல்லலியேன்னு எனக்குக் கண்ணீர் வந்துடுச்சு. போன வாரம் முப்பத்துமூணுக்கே பேசி முடிச்சேன். பாலக்காட்டுல மோள் வீட்டுப் பக்கத்திலேயே எனக்குன்னு ஒரு சின்ன வீடு பாத்தாச்சு.”

இசக்கிமுத்துவுக்குச் சாயங்காலம்வரை வேலை ஓடவில்லை. ரெண்டு டைல்ஸ் உடைந்தன.

வீட்டுக்கு வந்ததும் மனைவி எதிரே போய் உட்கார்ந்தான். அவள் வைப்பின் தீவில் ஒரு வீட்டின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது இருபத்தஞ்சுதான் சொல்றாங்க. நியாயமான விலைதான், விசாரிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வரலாம்” என்றாள்.

“சங்கரி... உம்மாவைப் பாத்தேன். எல்லாம் சொன்னாங்க. ஒரு மாசமா உன்னை என்னென்னவோ பேசிட்டேனே! அன்னைக்கு அவங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

சங்கரி போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“சொல்லியிருந்தா, ‘நமக்கெதுக்கு வம்பு, பேசாம அட்வான்ஸைக் குடு’ன்னு சொல்லியிருப்பீங்க.”