வெள்ளிக்கிழமை விருந்தாளி

"மறுபடியும் வந்துட்டான்," என்றாள் ஃப்ரெய்டா, ஜன்னலை விட்டு நகராமல். "பண்டிகை நாளும் அதுவுமா, அந்தத் தடியன் மாடியேறிப் போறான் பாருங்க."

வெள்ளிக்கிழமை. யூதர்கள் வேஷம் கட்டி, மது குடித்து, கை நீட்டியவர்க்கெல்லாம் கொடுக்கும் பூரிம் பண்டிகை வேறு. ஜெருசலேமின் அந்தச் சந்து முழுக்க வேஷம். புலிகளும் ராணிகளும் பலகாரத் தட்டோடு வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கணவன் நாக்மன் போலீஸ் உடுப்பில், மூன்றாவது கோப்பை மதுவில் இருந்தான்.

"இன்னிக்குப் பிச்சைக்காரன் வந்தா ஏன்னு கேட்கக் கூடாதுடி."

"யார்கிட்ட போறான்னு கேளுங்க. மேல்வீட்டு எல்கானா ஐயாகிட்ட. அவரே கை நடுக்கத்துல தையல்கடையை மூடிட்டு, வியாழக்கிழமை வர்ற தர்மக் கூடையில சாப்பிடறவர். அவர் ரொட்டியில வாரா வாரம் பாதி இவனுக்கு. நீங்க போலீஸ்தானே? வாங்க, பிடிங்க."

"இது வாடகை உடுப்பு."

"தொப்பி இருக்குல்ல, போதும்."

மாடிப்படியில் நாக்மன் குறுக்கே நின்றான். "நில்லு. உன் பேர்ல புகார் வந்திருக்கு." தொப்பி அவன் கண்ணை மறைத்தது.

மிரண்ட பிச்சைக்காரர் பின்வாங்கினார், கால் இடறியது, கைப்பிடியைப் பிடித்தார். தாடி கைப்பிடியில் மாட்டித் தொங்கியது.

தாடிக்குப் பின்னால் மழமழவென்று ஹனோக்கின் முகம். கடைத்தெருவிலேயே பெரிய ரொட்டிக்கடைக்காரர். அந்தத் தர்மக் கூடைகளை அனுப்புகிறவரும் அவரேதான்.

"அடப்பாவமே," என்றாள் ஃப்ரெய்டா. "வியாழக்கிழமை கொடுத்துட்டு, வெள்ளிக்கிழமை வந்து திரும்ப வாங்கிக்கறீங்களா?"

"மெதுவாம்மா." ஹனோக் மேலே பார்த்தார். "முதல் மூணு கூடையையும் ஐயா திருப்பி அனுப்பிட்டார். பதினாலு வயசிலேருந்து, வெள்ளிக்கிழமை யாருக்காவது கொடுக்காம அவர் சாப்பிட உட்கார்ந்ததே இல்லையாம். 'வாங்கற கையாப் போனப்புறம் சோறு எதுக்கு'ன்னு படுத்துட்டார். தர்மம் வாங்கறவனும் தர்மம் பண்ணணும்னுதானே நம்ம மதச் சட்டம்? யாராவது போய்க் கேட்டாத்தானே அவர் கொடுக்க முடியும். நான் போய்க் கேட்டேன். அன்னிக்குத்தான் கூடையைப் பிரிச்சார்."

ஃப்ரெய்டாவுக்கு வாயில் பேச்சில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஆனதில்லை என்பதால் நாக்மன் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சல்யூட் வைத்தான். பிறகு தாடியை எடுத்து ஒட்டிவிட்டான். தலைகீழாக.

ஃப்ரெய்டாவுக்கு அடக்க முடியவில்லை. மேலங்கியின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அதைப் பார்த்து ஹனோக் சிரிக்க, மேலே கதவு திறந்தது.

"யாரது படியில?"

"ஏழைங்க வந்திருக்காங்க ஐயா," என்று ஃப்ரெய்டா கணவனைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இன்னிக்கு ரெண்டு பேர்."

"போலீஸ்காரருக்குமா பசி?"

"சம்பளம் பத்தலைங்கய்யா," என்றான் நாக்மன்.

எல்கானா முகம் மலர்ந்துபோனது. நடுங்கும் கையால் ரொட்டியை மூன்றாகப் பிய்த்தார். பெரிய துண்டு இரண்டும் விருந்தாளிகளுக்கு. நாக்மன் பாடினான், ஹனோக் மேசையைத் தட்டித் தாளம் போட்டார். கீழ்வீட்டுக் குழந்தைகள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

விருந்தாளிகள் போன பிறகு தட்டுகளை எடுக்க நின்றாள் ஃப்ரெய்டா.

"ரெண்டு பேருக்குக் கொடுத்தீங்க, சந்தோஷமா ஐயா?"

"ரொம்ப." எல்கானா குரலைத் தாழ்த்தினார். "ஹனோக்குக்கும் இன்னிக்குத்தான் வாய்விட்டுச் சிரிப்பு வந்தது."

அவள் கையில் தட்டு அப்படியே நின்றது. "உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பது வருஷம் அவருக்குக் கோட்டு தைச்சவன்மா. தோளைப் பார்த்தாத் தெரியாதா? அவர்கிட்ட சொல்லிடாதே. சம்சாரம் போனதிலேருந்து கடை நிறைய ரொட்டியை வெச்சுக்கிட்டு மனுஷன் சாப்பிடாம கிடந்தார். இங்க வந்து உட்கார்ந்தாத்தான் அவருக்கு ஒரு வாய் இறங்குது."