கால்சியத்துக்குக் கீழே

சென்னையில் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கல்பாக்கம் வீட்டுக்குத் திரும்பிய ஹரிகிருஷ்ணன், ப்ளஸ் டூ விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"முதுகுவலிக்கு என்ன சொன்னார்?" என்றாள் சங்கரி.

"ஒரு ஊசி போட்டா வலி குறையுமாம். ஆமா, பீரியாடிக் டேபிள்ல கால்சியத்துக்குக் கீழே ஸ்ட்ரான்சியத்தை ஏன் வச்சிருக்காங்க?"

சங்கரிக்குச் சிரிப்பு வந்தது. "கல்யாணமாகி இருபது வருஷமாச்சு. கட்டினவ கெமிஸ்ட்ரி டீச்சர்னு இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்!"

"சொல்லேன்."

"ரெண்டுக்கும் வெளிக்கூட்டுல ரெண்டே எலக்ட்ரான்தாங்க. அதனால ஒரே தொகுதி, ஏறக்குறைய ஒரே குணம். நம்ம உடம்பே ஏமாந்துடும். ஸ்ட்ரான்சியம் உள்ளே போனா, கால்சியம்னு நினைச்சு எலும்பு இழுத்துக்கும்."

"எலும்புக்குத்தான் போகுமா?"

"பெரும்பாலும் எலும்புக்குத்தான். எதுக்குக் கேக்கறீங்க?"

ஹரிகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குப் போடப்போற ஊசியில இருக்கறது அதுதான். போன வருஷம் ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்களே, அந்தப் புற்றுநோய் இப்ப எதுவரைக்கும் வந்திருக்குன்னு என் வாயால சொல்ல முடியல, சங்கரி."

தான் சொன்ன விடை தப்பாக இருக்கக் கூடாதா என்று முதல்முறையாக ஏங்கினாள் அந்த ஆசிரியை.