தன்னைத் தானே கேட்டவர்

"அடுத்த கப்பல்ல என் பிள்ளை வந்துரும்க்கா," என்றாள் பூவம்மா. சபையின் ஆண்டு விழாவுக்கு வந்த பெண்களைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் சபைத் தலைவர் வடிவேலுவின் மனைவி ரத்தினம்மா.

"ஊருக்கு எழுதியாச்சா?"

"போன மாசம் பூரா எழுதுனாரு. நான் அடுப்படியில புலம்பப் புலம்ப, பக்கத்துலயே பலகையப் போட்டு உக்காந்து எழுதுனாரு. எனக்கு எழுத்து தெரியாது. ஆனா அதப் பாத்தாலே வயித்துல பால வார்த்த மாதிரி இருந்துச்சு."

பூவம்மாவின் மகள் பாக்கியம் நாகப்பட்டினத்தில் அத்தை வீட்டில் இருந்தாள். சிங்கப்பூரில் வீடு பிடித்ததும் அழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் துரைசாமி மனைவியை மட்டும் கூட்டி வந்தார். வீடு பிடித்து மூன்று தீபாவளி போய்விட்டது. பிள்ளை மாவாட்டியே ஒடுங்கிப்போனாள் என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள்.

துரைசாமி கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. மற்றவர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் கப்பல் சீட்டு எழுதிக் கொடுக்கிறவர் அவர்தான்.

1909இல் சிராங்கூன் சாலை மாடி ஒன்றில் கூடிவந்த அந்தச் சபைக்கு ஒரே ஒரு விதி. உறுப்பினர்கள் தங்களைத் தாங்களே கேள்வி கேட்டு, அதை எழுதிவந்து படிக்க வேண்டும். மனம் சுத்தமாகுமாம். பதிலும் எழுத வேண்டும் என்று விதியில்லை. ஆகையால் உறுப்பினர்களுக்குப் பஞ்சமே இல்லை.

அன்றைக்குக் கடைசியாகத் துரைசாமி எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெற்ற பிள்ளையைப் பிறர் வீட்டில் விட்டுவந்தவனுக்குச் சோறு எப்படி இறங்குகிறது?"

பூவம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தெருவில் போகும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் கைக்குத் தன் பிள்ளையின் நினைவு வராதா? அந்தக் குழந்தை இருட்டில் அம்மா என்று கூப்பிட்டால் அங்கே யார் எழுந்து வருவார்கள்?"

யாரோ மூக்கை உறிஞ்சினார். துரைசாமியின் குரலும் வேண்டிய இடத்தில் கம்மியது. மனிதருக்கு அதெல்லாம் நன்றாக வரும்.

"நான் செத்துப்போனால்தான் அவளை அழைப்பார்களா?"

பூவம்மாவின் கண்ணில் நீர் முட்டியது. பெண்கள் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

தலைவர் வடிவேலு எழுந்து வந்து மாலை போட்டார். "தன்னைத் தானே இப்படித் தோல் உரிச்சுப் பாத்த மனுசன நான் கண்டதில்ல. அடுத்த மாசம் பினாங்கு சபையிலயும் துரைசாமிதான் படிக்கணும்."

"கட்டாயம் படிக்கிறேங்க," என்று துரைசாமி கைகூப்பினார். மாடி அதிரக் கைதட்டினார்கள்.

ரத்தினம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குடுத்து வச்சவடி நீ. இப்படியெல்லாம் கேக்கணும்னு உன் வீட்டுக்காரருக்கு எப்படித்தான் தோணுச்சோ."

"அவருக்குத் தோணலக்கா. அம்புட்டும் நான் அடுப்படியில அழுது கேட்டது."

ரத்தினம்மாவுக்குப் புரியவில்லை. பூவம்மா திரை இடுக்கு வழியே, மாலையும் கழுத்துமாக நின்ற கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கு அவரு எழுதவே இல்லக்கா."