கூரைக்கு மட்டும்

எங்கள் குடும்ப அறக்கட்டளை அலுவலகத்தில் மாலை வெயில், நிதி கேட்டு வந்திருப்பவர் முகத்தில் நேராக அடிக்கிறது. திரையை இழுத்துவிட நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் நடத்தும் முதியோர் இல்லத்தின் கூரை ஒழுகுகிறது; மழைக்கு முன் மாற்றியாக வேண்டும். என் தங்கையை நிச்சயம் செய்துவிட்டு, கல்யாணத்துக்கு முதல் நாள் வேண்டாம் என்று சொல்லியனுப்பிய மனிதர், இன்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். பக்கத்து மேசையில் எங்கள் பொருளாளர் தலை நிமிராமல் காசோலை எழுதிக்கொண்டிருக்கிறார். "நிபந்தனை இல்லாத நிதியா குடுத்தீங்கன்னா, எந்த அவசரத்துக்கும் எடுத்துக்கலாம்ங்க," என்கிறார் வந்தவர். "நிபந்தனை இல்லாம எங்க வீட்டுல ஒரு தடவை உங்களை நம்பியாச்சு. இது கூரைக்கு மட்டும். அதோட, இல்லத்து வாசல்ல என் தங்கச்சி பேரைப் போடணும்." அவர் கைக்குட்டையை மடிக்கிறார். "என் சம்சாரம் தினமும் அந்த வாசல் வழியாத்தான் வரணும்..." "வரட்டுமே." அவர் பேனாவைத் திறக்கிறார்; மூடி உருண்டு கீழே விழுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை காத்திருந்து, பொருளாளர் நாற்காலியிலிருந்து என் தங்கை நிமிர்கிறாள். "வாசல்ல என் பேரு நல்லா பெருசா இருக்கட்டும் அண்ணா. இவ்வளவு நேரம் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன், இவருக்கு அடையாளம் தெரியல."