ஆறு மணிக் கேள்வி

வெங்காயம், பால், பருப்பு என்று ஐந்து வருடமாக ஒவ்வொன்றாய் விட்டுப் பார்த்துவிட்டாள் வடிவாம்பாள். ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. வயிறு மட்டும் தினமும் சாயங்காலம் முறுக்கிப் பிழிந்தது. கணவன் சென்னியப்பன்தான் சின்னத் திரை வைத்த ஒரு மின்னணுப் பட்டையை வாங்கி வந்தான். இடுப்பில் கட்டிக்கொண்டால், சாப்பாடு, சுற்றிலும் கேட்கும் பேச்சு எல்லாவற்றையும் பதிந்துவைத்து, வலியைக் கிளப்புவது எது என்று பத்தே நாளில் சொல்லிவிடுமாம்.

பத்தாம் நாள் அதன் திரையில் வந்தது சாப்பாட்டுப் பெயர் அல்ல. மாலை ஆறு மணி, சென்னியப்பன் குரல்: "இன்னைக்கு வயிறு எப்படி இருக்குது கண்ணு?"

அவன் முகம் செத்துப்போயிற்று. "இனிமே கேக்கவே மாட்டேன்," என்றான்.

மறுநாள் ஐந்தரைக்கே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணியை மடித்தாள், உதறினாள், மறுபடியும் மடித்தாள். ஆறு மணிக்கு வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்தான், சட்டென்று மூடிக்கொண்டான்.

"மழை வர்றாப்பல இருக்குது," என்றான்.

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அவன் கண் அவள் வயிற்றை விட்டு நகரவில்லை. வலி கிளம்புகிறது என்று பட்டை அதிர ஆரம்பித்தது.

அவள் அதை அவிழ்த்து நாற்காலியில் எறிந்தாள்.

"ஏனுங்க, கேட்டுத் தொலைங்க!"